வசைச்சொல்லும் கடற்படைக் கலகமும்

உத்தியோகத்தில் மேலோர் கீழோரை இழிவாய் நடத்துவதால் விளையும் கேட்டுக்கு 1946-ஆம் வருஷத்துப் பம்பாய்ச் சரித்திரமே சாட்சியாகும்.

ராயல் இந்தியக் கடற்படையின் 'தல்வார்' பயிற்சி நிலையத்து மாலுமிகள், கெட்ட உணவினாலும் நிறவேற்றுமையினாலும் முன்னமே மனம் நொந்திருந்தனர். பிப்ரவரி 8-ந் தேதி அதன் தலைவராகிய கமாண்டர் கிங் அவர்களை மிக இழிந்த சொற்களால் வைதார். மாலுமிகள் முறைப்படி புகார் எழுதிக்கொடுத்தனர். தக்க பரிகாரம் கிடைத்திலது. 18-ந் தேதி உணவை மறுத்து வேலையை நிறுத்தினர். சில தினங்களுக்குள் 70-க்கு மேற்பட்ட கப்பல்களிலும், சுமார் 20,000 மாலுமிகளிடத்தும் அத்தீ பரவிற்று. அவர்களை ஆதரித்தெழுந்த பம்பாய் ஜனங்களில் 200-க்கு மேற்பட்டோர் துப்பாக்கிப் பிரயோகத்தால் மாண்டனர். 23-ந் தேதி, தேசத்தலைவர்களின் புத்திமதிப்படி மாலுமிகள் பணிந்தனர். பலர் உத்தியோகம் இழந்தனர்.

சுதந்திர வேட்கையும் அக்கலகத்துக்குக் காரணமே என்பதில் ஐயமில்லை. ஆயினும், வைத நாளுக்கும் வேலை நின்ற நாளுக்கும் இடையே பத்து நாள் அவகாசம் இருந்தது, அது வீணாயிற்று.

போலீஸ் முதலிய இலாகாக்களில் அதிகாரம் வகிக்கும் நம் சங்கத்து அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. கீழ்ப்பட்டவன் வாய்திறவாதிருத்தலைத் திருப்தியென்று எண்ணற்க. அவன் முறையிடும்போது அன்றே செவிசாய்த்தல் மேலோர்க்கு அழகு.