ஹெய்ட்டியில் குறுங்கால ஊழியப் பயணங்கள்

பெரும்பாலும் அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் ஓரிரு வாரம் ஹெய்ட்டியில் தங்கிச் செய்யும் கிறிஸ்தவப் பணி. அனாதைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபம் 1:27 இதற்கு வேத ஆதாரம். கட்டட வேலை, மருத்துவ முகாம், விடுமுறை வேதாகமப் பள்ளி, குழந்தைகள் இல்லங்களில் பணிவிடை ஆகியவை வழக்கமானவை.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் நாடெங்கும் உதவிக் குழுக்கள் குவிந்தன. அம்மாத இறுதியில் 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்ற 10 அமெரிக்கர்கள் கைதாயினர். அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர். இது விதிவிலக்கு அன்று: ஹெய்ட்டியின் குழந்தைகள் இல்லங்களில் வளர்வோரில் சுமார் 80 விழுக்காட்டினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக மதிப்பீடு உண்டு. சோறும் பள்ளிக் கட்டணமும் தர முடியாத வறுமையே பிள்ளையைப் பிரிக்கிறது. வெளிநாட்டு நன்கொடை இல்லங்களைப் பெருக்குகிறது. வந்துபோகும் முகங்களோடு ஒட்டியும் பிரிந்தும் குழந்தைகள் தவிக்கின்றனர். அன்போடு வருவோர் இதை அறியாமலே திரும்புவது பெரும் வேதனை.

இல்லங்களில் தன்னார்வப் பணி விளைக்கும் தீங்குகளைத் தடுக்குமாறு 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பயணச் செலவில் ஒரு பங்கையேனும் பள்ளிக் கட்டணமாகவும் தாய்மாரின் சிறுவணிக முதலாகவும் தருவது குடும்பத்தைச் சிதையாமல் காக்கும். இதுவே மேலான ஊழியம்.

2021 அக்டோபரில் அனாதை இல்லமொன்றைப் பார்த்துத் திரும்பிய ஊழியக் குழுவினர் 17 பேரை ஆயுதக் கும்பல் கடத்தியது. வன்முறை முற்றியதால் பல குழுக்கள் பயணத்தை நிறுத்தின.