வெள்ளாவியும் படர்தாமரையும்

சென்னையில் மூலக்கொத்தளத்தை அடுத்துள்ள வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளரின் குடியிருப்பாக உருவான பகுதியாகும். நாடெங்கும் இத்தொழில் செய்தோர் மீது காலனியக் காலத்தில் ஒரு பழி விழுந்தது: தொடையிடுக்கில் வரும் படர்தாமரை, வெளுத்து வந்த துணியால் பரவுவதாகக் கருதிய ஆங்கிலேயர் அதற்கு 'டோபி இட்ச்' (வண்ணார் அரிப்பு) என்றே பெயரிட்டனர்.

உண்மையில் அந்நோயைத் தருபவை, தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் கடினப் புரதத்தை நொதிகளால் சிதைத்து உண்ணும் பூஞ்சைகளாகும். உயிரற்ற மேற்தோலில் இழைகளாகப் படரும் இவை வெளிநோக்கி வளர்வதால், நடுப்பகுதி ஆறிவர, விளிம்பு மட்டும் சிவந்து செதிலுடன் புடைத்து வளையமாகத் தெரிகிறது. கொழும்பில் பணியாற்றிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1910-இல் விவரித்த இவ்வகைப் பூஞ்சையே இன்று டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் எனப்படுகிறது. சலவைக்கு வந்த துணியில் குறியிடப் பயன்பட்ட சேராங்கொட்டைச் சாறு சிலருக்குத் தோலில் கொப்புளம் உண்டாக்கியது மெய். ஆயினும் அது ஒவ்வாமையே அன்றித் தொற்றன்று.

உதிர்ந்த செதிலில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் பூஞ்சை வித்துகள் துணி வழியே பரவக்கூடியவை எனினும், 60 பாகை செல்சியஸ் வெந்நீர்ச் சலவையில் அவை அழிகின்றன. உவர்மண் கரைசலில் தோய்த்த துணியை நீராவியில் அவித்தெடுக்கும் வெள்ளாவியோ அதனினும் சூடானது. ஆகவே, மருத்துவ நூல்களில் இன்னும் தங்கியுள்ள அப்பெயரைக் கைவிடுவதே அத்தொழிலாளருக்குச் செய்யும் நியாயமாகும்.