குப்பம் என்னும் ஊர்ப்பெயர்

குப்பை கொட்டிய இடம் குப்பம் ஆயிற்று என்று ஒரு விளக்கம் ஊரெங்கும் உலவுகிறது. படித்தவர்களும் கூசாமல் சொல்கிறார்கள். எண்ணூர்க் கரையில் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம் என்று வரிசையாக வாழும் மக்கள் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் இழிவுசெய்யும் விளக்கம் இது. மறுக்காமல் விடுவதற்கில்லை.

முதலில் குப்பையையே பார்ப்போம். நற்றிணை 138ஆம் பாட்டில் உமணர் கொண்டுபோய் விற்கும் உப்பு குன்றுபோலக் குவிந்து கிடக்கிறது. அதற்குப் புலவர் இட்ட பெயர் குப்பை. விலைபெறும் பண்டத்தில் அழுக்கு எங்கிருந்து வந்தது? தெலுங்கில் 'குப்ப' என்றால் இன்றும் குவியல்தான்; களத்து நெற்போருக்கும் அதுவே பெயர். கூட்டித் தள்ளியது ஓரிடத்தில் குவிந்ததால் கழிவுக்கும் அச்சொல் பின்னால் ஒட்டிக்கொண்டது. பின்வந்த பொருளைக் கொண்டு ஊர்ப்பெயரை அளப்பது தலைகீழ்ப் பாடம்.

அடிச்சொல் குவி. குவை, குவால், குவியல் எல்லாம் அதன் கிளை. வகரம் நின்ற இடத்தில் பகரம் இரட்டிப்பது தமிழுக்குப் புதிதா? உவர் – உப்பு. தவறு – தப்பு. அவ்வழியே குவி – குப்பை, குப்பம். கூடியது கூட்டம், குவிந்தது குப்பம். புறநானூறு 343இல் பரணர், மீன் விற்றுப் பெற்ற நெல்லை அம்பி என்னும் படகில் குவிப்பதைப் பாடுகிறார். அங்கே அவர் ஆளும் வினையும் இந்தக் குவையே.

கடற்கரைப் பெயர் ஆயிற்றே என்று, பாய்மரத்தைக் குறிக்கும் கூம்போடு இதை முடிச்சுப் போடவும் வேண்டாம். சித்தூர்ப் பக்கத்துக் குப்பம் கடலே காணாத ஊர். சங்கப் பாடல்களில் நெய்தல் ஊருக்குப் பாக்கம், பட்டினம், சிறுகுடி என்பனதாமே பெயர் என்று கேட்கலாம். உண்மை. ஊர்ப்பெயராக வழங்கியது பிந்தி இருக்கலாம், அடிச்சொல் பிந்தியதன்று.

பின்வந்த இழிபொருள் ஒட்டிக்கொண்டது சேரி என்ற சொல்லுக்கும் நேர்ந்தது. சேர்ந்து வாழும் இடம் சேரி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் ஊரே பன்னிரண்டு சேரிகளாக நிற்கிறது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காகக் குடியேற்றிய 400 பெண்டிர் தளிச்சேரிப் பெண்டுகள். அச்சொல்லை இன்று வசையாக்கியது யார்? சொல்லா, சொல்லுகிறவர்களா?

குப்பையைக் கழிவு என்ற பொருளிலேயே எடுத்தாலும், குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்ற பெயர்களை இங்கே நினைக்க வேண்டும். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தியோ புரட்டியோ எடுத்து இந்தப் பெயரை இட்டார்கள். எமன் கண்ணுக்குப் பிள்ளையை மறைத்த தாயின் உபாயம் அது. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பவருக்கு அதன் துயரம் தெரியாது.

குப்பத்துக்குள் நடந்து பாருங்கள். சுவரோடு சுவர் உரச வீடுகள், நடுவே அம்மன் கோயில், கரையில் படகு, காயும் வலை, வழக்கு தீர்க்கும் ஊர்ப் பஞ்சாயத்து. பெயருக்கு இதைவிட வேறு உரை வேண்டுமா? குப்பையை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் அம்மக்கள் அல்லர். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசத்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்தார் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இவை எவற்றுக்கும் முந்தியது குப்பம் என்ற பெயர்.

மக்கள் குவிந்து வாழும் ஊரே குப்பம் என்பது என் துணிபு. பெயர்ப்பலகையில் குப்பத்தை அழித்து 'நகர்' என்று எழுத விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: அழிக்காதீர்கள்.