ஊவாத் தேயிலையின் தளிர் மீட்சி

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் சரிவுகளிலே ஒரு காலத்திற் கோப்பியே நின்றது. கோப்பியிலையைத் துருவாக அரித்த பூஞ்சணம் இலங்கையில் முதன்முதல் 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டதும் அம்மடுல்சீமைப் பகுதியிலேதான். இருபதாண்டிற்குள் கோப்பித் தொழில் சரிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தேயிலை இயல்பிலே மரமாகும். அதனை இடுப்பளவுச் செடியாக நிறுத்துவது கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கொருமுறை கொம்புகள் வெட்டப்பட்டு மொட்டையாகின்றன. பட்டைக்கடியில் உறங்கிய அரும்புகள் சில வாரங்களிலே விழித்தெழுகின்றன. இவ்வுயிர்ப்பின் காரணத்தை அறிவியல் கூறுமுன்னரே கத்தி பிடித்த தொழிலாளர் அதன் பயனை அறிந்திருந்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோர் அவர்களுட் பலர். ஆராய்ச்சி அறிக்கைகளில் அவர் பெயர்கள் இல்லை.

1930களிலே திமான், ஸ்கூக் என்போர், உச்சியரும்பிற் சுரக்கும் ஒட்சின் என்னும் ஓமோன் கீழரும்புகளை அடக்கிவைக்கின்றது எனக் காட்டினர். உச்சியை வெட்டினால் அவ்வாட்சி நீங்கும். 1955இற் கைனற்றின் கண்டுபிடிக்கப்பட்டது. ஒட்சினுக்கும் இவ்வகைப் பொருள்களுக்கும் உள்ள விகிதமே இழையத்தில் வேர் தோன்றுமா தளிர் தோன்றுமா என்பதைத் தீர்மானிக்கின்றது என 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் நிறுவினர். கிளைத்தலைத் தடுக்கும் இன்னொரு ஓமோன் வகை 2008இலேதான் தெளிவாயிற்று. இவற்றை ஆக்குவதும் உணர்வதும் பரம்பரையலகுகளின் வேலையாதலின், ஒரே கத்தி வெட்டிய இரு செடிகள் ஒரேயளவிலே தளிர்ப்பதில்லை.

ஓமோன் மாத்திரம் போதாது. இலையற்ற செடி வேரிற் சேமித்த மாப்பொருளைக்கொண்டே தளிர்க்கவேண்டும். அது குறைந்திருப்பின் செடி பட்டுப்போகும். ஆகவேதான் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைக்கும் வழக்கம் உண்டாயிற்று. துரைமார் அவற்றை ‘நுரையீரல்’ என்றனர். ஊவாவிலே இது வீண் எச்சரிக்கையன்று. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தைத் தருகின்றது; வலுக்குன்றிய செடியைக் கொல்வதும் அதுவே.

தேயிலை தன் மகரந்தத்தால் எளிதிற் கருவுறாது. எனவே வித்திலிருந்து எழும் ஒவ்வொரு செடியும் தனிப்பிறவி. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய தப்ஸ், 1930களின் தொடக்கத்திலே பச்சைத் துண்டங்களை வேர்விடச் செய்யும் முறையை ஆராய்ந்தார். ஓர் இலையும் அதன் கக்கத்தரும்பும் கொண்ட சிறு துண்டம் முழுச்செடியாகும். தாயின் இயல்பு சிறிதும் மாறாது. அவரே பின்னர் பழமர ஆராய்ச்சிக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஈஸ்ட் மோலிங் நிலையத்திற்குத் தலைவரானார். அப்பிள் மரத்திற்கும் தேயிலைச் செடிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதிலும் நெருங்கியது போலும்.

1950களின் பின் பதியமுறைக் கன்றுகள் மலைநாடெங்கும் பரவின. விளைச்சல் உயர்ந்தது உண்மை. ஆனால் வித்துச்செடிக்கு ஆழச் செல்லும் ஆணிவேர் உண்டு; துண்டத்திலிருந்து எழுந்த செடிக்கு அஃதில்லை. அவற்றுள்ளும் வேறுபாடு உண்டு: டீ.ஆர்.ஐ. 2025 வறட்சியைத் தாங்குவது, டீ.ஆர்.ஐ. 2023 வாடுவது. இவ்வேறுபாட்டைப் பாராது, கொழுந்தின் நிறையை மட்டுமே நோக்கி ஒரு சில வகைகளை மலைமுழுதும் நிரப்புவது அறிவுடைமையாகாது. 1946இல் இலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது, செடிக்குச் செடி அதன் தாக்கம் வேறுபட்டது. அத்தகைய வேறுபாடு பழைய வித்துத்தேயிலை மலைகளில் இன்னும் நிற்கின்றது. அவற்றைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன், நல்ல செடிகளைத் தெரிந்து துண்டமெடுத்து வைப்பது பசறையிலுள்ள ஆராய்ச்சி உபநிலையத்திற்கும் தோட்டங்களுக்கும் உரிய பணியாகும்.