பத்து வயதோடு முடிந்த பள்ளி: ஊவாத் தோட்டங்களும் உயர்கல்வியும்

ஊவா மாகாணத் தோட்டப்புறக் கல்வியின் வரலாறு, சட்ட அளவில், 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டங்களுக்குக் கட்டளைச் சட்டம் என்று பெயர். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கிடைக்கச் செய்வதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத்துரையின், அதாவது தோட்ட மேலாளரின், கடமை என்று அச்சட்டம் விதித்தது. அதற்கு முன்னர் தோட்டங்களில் இருந்த பள்ளிகள், 1850களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறித்தவ அமைப்புகளின் முயற்சியாலும், சில துரைமாரின் நல்லெண்ணத்தாலும், தொழிலாளரை மேற்பார்த்த கங்காணிமாரின் ஆதரவாலும் நடந்தவை. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இக்கடமையை மேலும் இறுக்கியபோதும் பத்து வயது என்ற மேல் எல்லை அப்படியே நின்றது. இந்திய வம்சாவளித் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்த 1927ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதைத் தடை செய்தது. கல்விச் சட்டங்களையும் இந்தச் சம்பளச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, பள்ளி முடியும் வயதும் வேலை தொடங்கும் வயதும் ஒன்றாகவே வகுக்கப்பட்டிருந்தது விளங்கும்.

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளைப் பகுதிகளில் தோட்டப் பள்ளி என்பது பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாக இருந்தது. அரிச்சுவடி படிக்கும் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் அமர, ஆசிரியர் ஒரு வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு மறு வகுப்புக்கு வாசிப்பைத் தொடங்குவார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். வரவையும் தேர்ச்சியையும் கணக்கிட்டு அரசாங்கம் நன்கொடைப் பணம் வழங்கியது. பெற்றோர் விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு, அதாவது அன்றைய வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, போய்விடுவதால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுந்தது; பிள்ளைக்காம்பரா எனப்படும் குழந்தை காப்பகம் இருந்த தோட்டங்களிலும் இந்நிலை முற்றாக மாறவில்லை. பத்து வயதைக் கடந்த பிள்ளையின் பெயர் செக்ரோலில், அதாவது நாளாந்த வேலைப் பதிவேட்டில், ஏறியதும் அதன் உழைப்பு குடும்பத்துக்கு வேண்டியதாகிவிட்டது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதைப் பெற்றோரின் அறியாமை என்று எழுதிய துரைமாரின் கருத்து நியாயமற்றது, ஏனெனில் பள்ளிக்கு மேலே ஏறுவதற்கு ஒரு படியும் அமைக்கப்படாத இடத்தில் பிள்ளையை இன்னும் இரண்டாண்டு இருத்திவைப்பதால் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அந்த எல்லையைத் தாண்டியவர்கள் எவ்வாறு தாண்டினார்கள் என்பதற்கு எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் இளமைக்காலம் சான்றாகும். 1934இல் பதுளை மாவட்டத்து ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்த அவருக்குத் தோட்டப் பள்ளி ஆசிரியரான தந்தையே முதல் குரு. அதன் பின்னர் படிப்பைத் தொடரக் கடல் கடந்து கும்பகோணம் சென்று, திரும்பி வந்து பதுளை சென் பீட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். தெளிவத்தை என்பது அவர் பின்னாளில் பணிபுரிந்த தோட்டத்தின் பெயர். ஆசிரியரின் மகனுக்கே இத்தனை தூரம் என்றால், கொழுந்து பறிப்பவரின் மகளுக்கு எவ்வளவு தூரம் என்பதை ஊகிப்பது கடினமன்று.

தோட்டப்பிள்ளைக்குப் பத்து வயது எல்லை வகுக்கப்பட்ட அதே ஆண்டுகளில்தான் கொழும்பில் பல்கலைக்கழகக் கோரிக்கை எழுந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் கற்றுத் திரும்பிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவரே 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் அமைத்து, ஒப்பந்தம் மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளுக்கு எதிராகவும், கடன்பட்டவனைக் கங்காணியிடமிருந்து கங்காணிக்கு மாற்றும் துண்டு முறைக்கு எதிராகவும் போராடினார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஒரே மனிதர் முன்னெடுத்த இவ்விரு கோரிக்கைகளும் அவர் மறைந்த பிறகு வெவ்வேறு வழிகளில் பிரிந்து போயின என்பது மலையக வரலாற்றின் பெரும் இழப்புகளுள் ஒன்றாகும்.

1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜென்னிங்ஸ் கேம்பிரிட்ஜில் பயின்றவர். பின்னர் அங்குள்ள டிரினிட்டி ஹாலின் தலைவராகவும், 1961 முதல் 1963 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மரபில் கல்லூரி என்பது பாடம் நடக்கும் கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே மண்டபத்தில் உணவருந்தி, நூலகத்தையும் உரையாடலையும் பகிர்ந்துகொள்ளும் தன்னாட்சி உடைய சமூகத்தையே அச்சொல் அங்கு குறிக்கிறது.    இந்த வதிவிட மரபை ஒட்டியே பேராதனையில் மகாவலிக் கரையோரம் விடுதி மண்டபங்கள் எழுந்தன. 1952இல் பல்கலைக்கழகம் அங்கு இடம்பெயர்ந்தது. அவ்விடுதிகளுள் ஒன்று அருணாசலம் மண்டபம்.

பேராதனையின் வாசலில் ஊவாத் தோட்டத்துப் பிள்ளை நிற்க முடியாமற் போனதற்கு அக்காலத்தின் அரசியலே முதற் காரணம். 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் அறிவிக்கப்பட்டாலும், தோட்டப் பள்ளிகள் துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கு இல்லாத மக்களின் பள்ளியைத் தரமுயர்த்த எந்த அரசியல்வாதியும் அவசரப்படவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரச உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விலக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்த பின், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் எத்தனையோவற்றில் பிள்ளையின் படிப்பு பற்றிய பேச்சு பாஸ்போர்ட் பற்றிய பேச்சுக்குள் அடங்கிப்போனது. தோட்டங்கள் 1970களில் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே, 1977 முதற்கொண்டு, பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. எழுபது ஆண்டுகள் நீடித்த பத்து வயது எல்லை நடைமுறையில் உடையத் தொடங்கிய காலம் அதுவே. பதுளை சரஸ்வதி போன்ற நகரத் தமிழ்ப் பாடசாலைகள், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பின் வாசலாயின.

பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் இடங்களில் பதுளைக்கும் மொனராகலைக்கும் பங்கு உண்டு என்பது உண்மை. ஆயினும் அச்சலுகை மாவட்டத்தையே கணக்கிற் கொள்கிறது; ஒரே மாவட்டத்துக்குள் பதுளை நகரப் பிள்ளைக்கும் மடுல்சீமை மலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் உள்ள இடைவெளியை அது அளப்பதில்லை. விஞ்ஞானப் பிரிவை உயர்தரத்தில் தமிழில் நடத்தும் பாடசாலை எட்டும் தூரத்தில் இல்லாத மாணவர், விருப்பம் எதுவாயினும், கலைப்பிரிவுக்கே தள்ளப்படுகிறார்.

2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு சேர்த்து நினைக்கப்படும் நிலப்பெயர்களைத் தாங்கி, உயர்கல்வி பதுளை பசறை வீதிக்கே வந்து சேர்ந்தது. நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதைத் தன் நோக்கமாகக் கொண்ட அந்நிறுவனத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தின் பிள்ளை, அக்கொழுந்தின் வேதியியலை ஆய்வு செய்யும் பட்டதாரியாவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறில்லை. ஆனால் அப்படிப்புக்கு உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் தேர்ச்சி வேண்டும். அப்பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பாடசாலைகளில் நிலையாக இருக்க வேண்டும். மாகாணக் கல்வி நிர்வாகம் தன் ஆசிரிய நியமனங்களில் அப்பாடசாலைகளுக்கு முதலிடம் கொடுப்பதே, 1907இல் வகுக்கப்பட்ட எல்லையை முழுதாக நீக்குவதற்கு இன்று செய்ய வேண்டிய வேலை.