டொமெஸ்டிக் (சைக்கிள் பந்தயத் துணை வீரர்)

டொமெஸ்டிக் என்பவர், தொழில்முறைச் சாலை சைக்கிள் பந்தயத்தில் தன் அணித்தலைவரின் வெற்றிக்காகவே வண்டி மிதிக்கும் துணை வீரர். எதிர்காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்வது, தண்ணீரும் உணவும் கொண்டுவந்து கொடுப்பது, முன்னே பிரிந்து ஓடும் எதிரணியினரைத் துரத்திப் பிடிப்பது, தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது ஆகியவை இவருடைய வேலைகள். பிரெஞ்சு மொழியில் வீட்டு வேலையாளைக் குறிக்கும் இப்பெயர் 1911இல் ஒரு வசையாகப் பிறந்தது. இத்தாலியர் இவரை கிரெகாரியோ என்பர். இன்றைய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 22 அல்லது 23 அணிகள், அணிக்கு எட்டுப் பேர் என 170க்கும் மேற்பட்டோர் புறப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் துணை வீரர்களே. தனிமனித வெற்றிக்கென்று தொடங்கப்பட்ட ஒரு விளையாட்டு, விட்டுக்கொடுப்பவர்கள் இல்லாமல் நடக்கவே முடியாத விளையாட்டாக மாறிய கதைதான் இவர்களின் வரலாறு.

காற்றின் கணக்கு

கடலோரச் சாலையில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் துணை வீரரின் தேவையை விளக்க வேண்டியதில்லை. சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாகிறது. முன்னால் ஒருவர் செல்ல, அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே வருபவருக்கு அந்த உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பெல்ஜியப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 121 வீரர்கள் நெருக்கமாகச் செல்லும் கூட்டத்தின் நடுவே இருப்பவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை, தனியாகச் செல்பவருக்கு இருக்கும் தடையில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே என்று தெரியவந்தது.

ஒரு நாள் கட்டம் 200 கி.மீ. என்றால், அதில் பெரும்பகுதியைத் தலைவர் இந்த நிழலில் கடந்து, கடைசி ஏற்றத்துக்குக் கால்களில் வலுவோடு வந்து சேர வேண்டும். அவர் சேமிக்கும் ஒவ்வொரு துளி வலுவையும் வேறொருவர் செலவழித்திருப்பார்.

தனியாள் விதியும் ப்ரோகோவும்

டூர் டி பிரான்ஸை 1903இல் ‘லோட்டோ’ நாளிதழ் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்ச், பந்தயம் தனியொருவரின் உடலையும் மன உறுதியையும் மட்டுமே சோதிக்க வேண்டும் என்று நம்பியவர். வண்டி பழுதானால் ஓட்டுபவரே சரிசெய்துகொள்ள வேண்டும். பிறர் உதவி கூடாது.

அந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதை 1913இல் எழேன் கிறிஸ்தோஃப் அனுபவித்தார். பிரனீஸ் மலைகளில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செந்த்-மரி-த-காம்பான் என்ற ஊரின் கொல்லுப்பட்டறையை அடைந்தார். பந்தய நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைத் தானே ஒட்டவைத்தார். இரண்டு கைகளும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அந்த உதவிக்காகவும் அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே துணை வீரருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 1911இல் மோரிஸ் ப்ரோகோ என்ற பிரெஞ்சு வீரர், தன் வெற்றி வாய்ப்பு கைநழுவியதும் மற்றவர்களுக்கு உதவ முன்வந்தார். தாமதத்தால் நீக்கப்படும் நிலையில் இருந்த பிரான்சுவா ஃபாபரை அவர் முன்னால் நின்று இழுத்து வந்து சேர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. கூலிக்கு வேலை செய்யும் வெறும் டொமெஸ்டிக் என்று டெக்ராஞ்ச் தன் இதழில் அவரை இழித்து எழுதினார். அடுத்து வந்த லூஷோன் – பயோன் கட்டத்தில் ப்ரோகோ பதில் சொன்னார். மலைகளைத் தாண்டிய 326 கி.மீ. தூரத்தை, மற்றெல்லோரையும் அரைமணி நேரத்துக்கு மேல் பின்தள்ளி வென்றார். இவ்வளவு வலு உள்ளவர் முன்பே முழுமூச்சாக ஓட்டாமல் இருந்தது ஏமாற்று என்று சொல்லி டெக்ராஞ்ச் அவரைப் பந்தயத்திலிருந்தே நீக்கினார். உதவும் வீரர் வலுவற்றவர் என்ற எண்ணத்தை, அந்தப் பெயரை முதலில் சுமந்தவரே அன்று உடைத்துவிட்டார்.

தேசிய அணிகள்: வியெத்தோ கொடுத்த சக்கரம்

சைக்கிள் நிறுவனங்களின் அணிகள் மறைமுகமாக ஒருவருக்கொருவர் உதவுவதை டெக்ராஞ்சால் தடுக்க முடியவில்லை. 1930இல் அவர் நிறுவன அணிகளை நீக்கித் தேசிய அணிகளைக் கொண்டுவந்தார். கூட்டு உழைப்பு வெளிப்படையாகவே நடக்கத் தொடங்கியது. அந்த ஆண்டே கலிபியே கணவாயின் இறக்கத்தில் மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்திருந்த ஆந்த்ரே லெதுக் கீழே விழுந்தார். பிறகு அவருடைய பெடலும் உடைந்தது. பிரெஞ்சு அணியினர் அவருக்காக நின்று, மாறிமாறி முன்னால் இழுத்துச் சென்று, பிரிந்து ஓடிய இத்தாலியர் லெயார்கோ குவெராவைப் பிடித்தார்கள். லெதுக் அன்றைய கட்டத்தையும் அந்த ஆண்டின் டூரையும் வென்றார்.

துணை வீரரின் தியாகத்துக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது 1934. கான் நகரருகே பிறந்து, ஹோட்டலில் லிஃப்ட் பையனாக வேலை பார்த்த ரெனே வியெத்தோவுக்கு அப்போது 20 வயது. ஆல்ப்ஸ் மலைக் கட்டங்களை வென்று நாட்டையே தன் பக்கம் திரும்ப வைத்திருந்தார். பிரனீஸில் பியூமோரன் இறக்கத்தில் அணித்தலைவர் அந்தோனின் மான்யே விழுந்து முன்சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மாற்றுச் சக்கரத்துடன் வண்டி வரும்வரை சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து அழுதார். முன்சக்கரம் இல்லாத சைக்கிளும் கண்ணீருமாக அவர் இருக்கும் படம் நாடெங்கும் பரவியது.

அதைவிடப் பெரியது மறுநாள் நடந்தது. மான்யேவின் வண்டி மீண்டும் பழுதானபோது வியெத்தோ வெகுதூரம் முன்னால் போயிருந்தார். செய்தி தெரிந்ததும் வண்டியைத் திருப்பி, வந்த வழியே மலையேறிச் சென்று, இம்முறை தன் சைக்கிளையே கொடுத்தார். மான்யே டூரை வென்றார்; வியெத்தோ ஐந்தாவதாக வந்தார். தொடக்கத்துச் சமவெளிக் கட்டங்களிலேயே அவர் நிறைய நேரம் இழந்திருந்ததால், அந்தச் சக்கரம்தான் அவருடைய பட்டத்தைப் பறித்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்று ரசிகர்கள் கொண்டாடியது அவரைத்தான். டூர் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பட்டம் வென்ற பலரைவிட அவருடைய பெயர் இன்று நினைவில் நிற்கிறது.

கோப்பியின் கிரெகாரியோக்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் ஃபாவுஸ்தோ கோப்பி துணை வீரரின் பணியை ஒழுங்கான தொழிலாக ஆக்கினார். எந்தத் துரத்தலில் யார் போக வேண்டும், ஏற்றத்தின் எந்த வளைவுவரை யார் இழுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வேலை பிரிக்கப்பட்டது. எத்தோரே மிலானோவும் ஆந்திரேயா கரேயாவும் அவருடைய நம்பிக்கைக்குரிய காவலர்கள்.

போர்க்காலத்தில் புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைபட்டு உயிர்தப்பியவர் கரேயா. 1952 டூரில் லோசான் நகருக்குச் சென்ற கட்டத்தில், பிரிந்து ஓடிய கூட்டம் ஒன்றைக் கண்காணிக்க அதனோடு சேர்ந்து போனார். அந்தக் கூட்டம் பிடிபடாமலே எல்லைக்கோட்டைத் தொட்டது. மொத்த நேரக் கணக்கில் கரேயா முதலிடத்துக்கு வந்துவிட்டார். மஞ்சள் சட்டை தனக்கு என்று கேட்டதும் கண்ணீர் விட்டார். தலைவரின் இடத்தில் தான் நிற்பதாகக் கலங்கி கோப்பியிடம் மன்னிப்புக் கேட்கும் மனநிலையில் இருந்தார். கோப்பி அவரை மனமார வாழ்த்தினார். மறுநாள் ஆல்ப் டுயேஸ் மலைமுடியில் கோப்பி வென்று மஞ்சள் சட்டையை வாங்கிக்கொண்டபோது நிம்மதியடைந்தவர் கரேயாதான்.

அக்காலத்தில் தண்ணீர் சேகரிப்பதே பெரும்பாடு. கோடை வெயிலில் துணை வீரர்கள் வழியிலுள்ள மதுக்கடைகளுக்குள் புகுந்து, கையில் கிடைத்த பாட்டில்களையெல்லாம் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடுவார்கள். லூயி மால் 1962 டூரைப் படமாக்கிய ‘விவ் ல டூர்’ ஆவணப்படத்தில் இக்காட்சிகள் உள்ளன.

பணிப் பிரிவுகள்

1962இல் நிறுவன அணிகள் டூருக்குத் திரும்பின. தலைவரும் துணைவர்களும் ஆண்டு முழுவதும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கும் நிலை வந்தது. பணிகளும் நுட்பமாகப் பிரிந்தன.

சமவெளிக் காவலர்கள் மணிக்கணக்கில் கூட்டத்தின் முன்னால் நின்று வேகத்தைக் காப்பவர்கள். பெல்ஜியத்தின் டிம் டெக்லெர்க் இந்த வேலையால் ‘டிராக்டர்’ என்றே பெயர் பெற்றார். மலைத் துணைவர்கள் ஏற்றத்தில் தலைவருக்கு முன்னால் ஒரே சீரான வேகத்தில் ஏறி, எதிரிகளைக் களைப்படையச் செய்பவர்கள். விரைவோட்ட முடிவுகளுக்குத் தனித் துணைவர்கள் உண்டு. 1990களில் மாரியோ சிப்போலினியின் சாயெக்கோ அணி, சிவப்பு ரயில் எனப் பெயர் வாங்கும் அளவுக்கு வரிசைகட்டி அவரை எல்லைக்கோட்டருகே கொண்டுசென்றது. மார்க் கேவண்டிஷுக்கு முன்னால் அத்தகைய ரயிலின் கடைசிப் பெட்டியாக இருந்தவர் ஆஸ்திரேலியர் மார்க் ரென்ஷா. 2009இல் பாரிஸின் ஷான்செலிசேயில் கேவண்டிஷை முதலிடத்துக்கு ஏவிவிட்ட அவர், அந்த வேகத்திலேயே தானும் இரண்டாவதாக வந்தார்.

இவற்றில் கண்ணுக்கே தெரியாதது தண்ணீர் சுமப்பவரின் வேலை. அவர் கூட்டத்தின் வால்வரை பின்வாங்கி, அணியின் காருக்குப் பக்கத்தில் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்குவார். முதுகுப் பைகள் நிறைந்ததும் கழுத்துப்பட்டை வழியாகச் சட்டைக்குள் போடுவார். ஆறேழு பாட்டில்கள் என்றால் சில கிலோ எடை. அந்தச் சுமையோடு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கடந்து முன்னேறி, ஒவ்வொரு தோழருக்கும் பங்கிட வேண்டும். வெப்பமான நாளில் இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். டூரின் எல்லாக் கட்டங்களும் தொடக்கம் முதல் முடிவுவரை நேரலையாக ஒளிபரப்பானது 2017 முதல்தான். அதற்கு முன் இந்த உழைப்பில் பாதி, காமிரா வருவதற்குள் முடிந்திருக்கும்.

ஊதியமும் அழுத்தமும்

டூரை வெல்பவருக்குக் கிடைக்கும் 5,00,000 யூரோ பரிசை அணியினர் அனைவரும் பகிர்ந்துகொள்வது மரபு. ஆனால் துணை வீரரின் ஒப்பந்தம் நிலையற்றது. வெற்றிப் பட்டியலில் பெயர் இல்லாதவர், தன் தகுதியை அணி மேலாளரின் நினைவை நம்பியே நிறுவ வேண்டும். ஊக்கமருந்து பரவிய ஆண்டுகளில் இந்த நிலையின்மை அவர்களை எளிதில் வளைத்தது. 1986 டூரில் 131ஆவதாக வந்த அயர்லாந்துத் துணை வீரர் பால் கிம்மேஜ், ஓய்வுபெற்றபின் 1990இல் ‘ரஃப் ரைட்’ என்ற நூலில் அந்த அழுத்தத்தை வெளியில் சொன்னார். ஊக்கமருந்தைத் தொட மறுத்த பிரெஞ்சு வீரர் கிறிஸ்தோஃப் பசோன், அதைப் பற்றி எழுதியதால் 1999 டூரில் சக வீரர்களால் ஒதுக்கப்பட்டு, பாதியிலேயே விலகினார். இந்த விளையாட்டின் மனசாட்சியாகப் பேசிய முதல் குரல்களில் சில, பட்டம் வெல்லாத இவர்களுடையவை.

துணையிலிருந்து தலைமைக்கு

பல வெற்றியாளர்கள் துணைவர்களாகவே வளர்ந்தவர்கள். 1991 முதல் ஐந்து முறை தொடர்ந்து டூரை வென்ற மிகேல் இந்துராயின், அதற்கு முன் பேத்ரோ தெல்காதோவுக்காக உழைத்தவர். 2012இல் லா தூசுயிர் ஏற்றத்தில் தன் தலைவர் பிராட்லி விக்கின்ஸைவிட வேகமாக ஏறிய கிறிஸ் ஃப்ரூம், ஆணை வந்ததும் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். அந்த ஆண்டு இரண்டாமிடம். அடுத்த ஆண்டு பட்டம் அவருக்கு.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. 2014இல் உலகச் சாம்பியனான போலந்தின் மிகால் க்வியாட்கோவ்ஸ்கி பிறருக்காக உழைப்பதை ஏற்றுக்கொண்டவர். 2020 டூரின் ஒரு கட்டத்தில் அவரும் அணித்தோழர் ரிச்சர்ட் கராபாஸும் தோளில் கைபோட்டபடி எல்லையைத் தொட்டார்கள். வெற்றி க்வியாட்கோவ்ஸ்கிக்கு விடப்பட்டது. 2022 டூரின் கற்சாலைக் கட்டத்தில் யோனாஸ் விங்கெகோர் பழுதான வண்டியை விட்டு, நெடிய தோழர் நேதன் வான் ஹூய்டோங்கின் சைக்கிளை வாங்கினார், இருக்கை எட்டவில்லை. குழப்பம் தீர்ந்து அவர் புறப்பட்டபின் இழப்பைக் குறைக்க முன்னால் நின்று இழுத்தவர் வவுட் வான் ஆர்ட். அன்று மஞ்சள் சட்டை அணிந்திருந்தவரே அவர்தான். அந்த டூரை விங்கெகோர் வென்றார்.

செப் குஸ், 2023

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டுராங்கோவைச் சேர்ந்த செப் குஸ், தலைசிறந்த மலைத் துணைவர். 2023இல் ஜிரோ டி இத்தாலியாவில் பிரிமோஷ் ரோக்லிச்சுக்கும் டூரில் விங்கெகோருக்கும் உழைத்தார், இருவரும் வென்றார்கள். மூன்றாவது பெரும் பந்தயமான வுவெல்டா எஸ்பாஞாவில் தொடக்கத்திலேயே பிரிந்து ஓடி ஒரு கட்டத்தை வென்று, பின்னர் முதலிடத்துக்குரிய சிவப்புச் சட்டையும் பெற்றார். ஆங்லிரு மலையில் அதே அணியின் ரோக்லிச்சும் விங்கெகோரும் அவரை விட்டு மேலேறினார்கள். அவருடைய முன்னிலை எட்டு வினாடிகளாகச் சுருங்கியது. ஆண்டு முழுவதும் தலைவர்களுக்குத் தோள் கொடுத்தவரைக் கைவிடுவதா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதன்பின் அணி குஸ்ஸுக்காக நின்றது. மாட்ரிட்டில் அவர் விங்கெகோரை 17 வினாடிகளில் வென்றார், ரோக்லிச் மூன்றாவது.

உதவும் வீரரை டெக்ராஞ்ச் பந்தயத்திலிருந்து விரட்டி 112 ஆண்டுகள் கழிந்திருந்தன. துணை வீரருக்கு அணி கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனைத் தீர்த்தாக வேண்டும் என்று இந்த விளையாட்டின் ரசிகர்கள் வாய்விட்டுக் கேட்டதும், ஓர் அணி அதற்கு இணங்கியதும் வுவெல்டாவின் முடிவைவிடப் பெரிய மாற்றம். டொமெஸ்டிக் என்ற பெயரை இன்று துணை வீரர்கள் தங்கள் தொழிலின் பெயராகத் தயக்கமின்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். அதிலிருந்த இழிவை அவர்களுடைய நூறாண்டு உழைப்பே துடைத்திருக்கிறது.