ஐம்பது வயசுல ஒரு மாணவி: எலா ஃப்ளாக் யங்கின் சிகாகோ

இந்த எபிசோட் ஒரு பகுதிநேர மாணவியைப் பற்றி. வருஷம் 1895. ஊர் சிகாகோ. மாணவிக்கு வயசு 50. பகல் முழுக்க அவங்க சிகாகோ நகரப் பள்ளிகளோட உதவி சூப்பரின்டென்டென்ட், அதாவது நகரத்துல ஒரு பகுதியோட பள்ளிகள் அவங்க மேற்பார்வையில. அந்த வேலையை விடாமலே பல்கலைக்கழகத்துல ஒரு செமினார்ல சேர்றாங்க. பாடம் எடுக்கிறவர் அவங்களைவிட 14 வயசு சின்னவர். பேரு ஜான் டூயி. மாணவி பேரு எலா ஃப்ளாக் யங்.

டூயியைப் பத்தி பி.எட். படிச்ச யாரைக் கேட்டாலும் நாலு வரி சொல்வாங்க. யங்கைப் பத்திக் கேட்டா பெரும்பாலும் மௌனம்தான். ஆனா டூயியே பின்னாடி, அவங்க கிட்டேயிருந்து தனக்கு யோசனைகள் வந்துக்கிட்டே இருந்ததுன்னு எழுதி ஒத்துக்கிட்டிருக்கார்.

இந்தக் கதையை இப்ப எடுக்க ஒரு காரணம் இருக்கு. பள்ளியில பாடம் நடத்திக்கிட்டே, சாயந்தரமும் கோடை விடுமுறையும் போய் 'எஜுகேஷனல் லீடர்ஷிப்'ல மாஸ்டர்ஸ் பண்றது இன்னைக்கு அமெரிக்க ஆசிரியர்கள் நடுவுல சர்வசாதாரணம். ஏன் பண்றீங்கன்னு கேட்டா ரெண்டு பதில் வரும்: சம்பளம் கூடும், பிரின்சிபால் ஆகலாம். ரெண்டுமே நியாயமான பதில்தான். ஆனா வேலை பார்த்துக்கிட்டே பள்ளி நிர்வாகத்தைப் பத்திப் படிச்ச முதல் பெரிய ஆளுமைகள்ல ஒருத்தரான யங், தன்னோட ஆய்வேட்டுல எழுதினது இந்த ரெண்டு பதிலுக்கும் கிட்டத்தட்ட நேர் எதிரான ஒண்ணு.

முதல்ல அவங்க எங்கேயிருந்து வந்தாங்கன்னு பார்த்துடுவோம். 1845ல பஃபலோவுல பிறந்தவங்க. உடம்பு சரியில்லாத குழந்தைன்னு ரொம்ப நாள் பள்ளிக்கூடமே அனுப்பல, படிக்கத் தானாவே கத்துக்கிட்டாங்க. 13 வயசுல குடும்பம் சிகாகோ வந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளியில சேர ஒரு விதி: சிகாகோ ஆரம்பப் பள்ளியில ஒரு வருஷம் இருந்திருக்கணும். ஏற்கெனவே தெரிஞ்ச பாடத்தையே திரும்ப உட்கார்ந்து கேட்டுப் பார்த்து, சலிச்சுப்போய் நின்னுட்டாங்க. அப்புறம் நார்மல் ஸ்கூல், அதாவது ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. அங்கே படிக்கும்போது அவங்க அம்மாவுக்கே சந்தேகம், குழந்தைகளோட பழகியே வளராத இந்தப் பொண்ணு எப்படிப் பாடம் நடத்தும்னு. அதனால யாரும் சொல்லாமலே தெரிஞ்ச ஒரு ஆசிரியையோட வகுப்புக்குப் போய்ப் பழக ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. 1862ல, 17 வயசுல, ஆசிரியை. ஆரம்பத்துலேயே கிடைச்ச ஒரு வகுப்புல ஊரெல்லையில மாடு மேய்க்கிற பசங்க, சிலர் இவங்களைவிட வயசுல பெரியவங்க.

1868ல கல்யாணம், கொஞ்ச காலத்துலேயே கணவர் இறந்துட்டார். அதுக்கப்புறம் வேலைதான் வாழ்க்கை. ஆசிரியை, பயிற்சிப் பள்ளிப் பொறுப்பு, பிரின்சிபால், 1887ல உதவி சூப்பரின்டென்டென்ட். ஆக, டூயி வகுப்புக்கு வரும்போது 33 வருஷ அனுபவம் கையில. பதவி உயர்வுக்காகப் படிக்கிற நிலைமையில அவங்க இல்லவே இல்ல. இதை மனசுல வச்சுக்கோங்க.

அவங்க சேர்ந்த பல்கலைக்கழகத்தையும் கொஞ்சம் சொல்லணும். சிகாகோ பல்கலைக்கழகம் 1892லதான் வகுப்பு ஆரம்பிச்சது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். இவர் அதுக்கு முன்னாடி ஷட்டாக்வாங்கிற கோடைக்கால கல்வி இயக்கத்துல ஊறினவர். வேலைக்குப் போறவங்களுக்கும் கல்லூரி கிடைக்கணும்னு நம்பினவர். அதனால கோடைப் பருவத்தையும் மத்த பருவங்களுக்குச் சமமா வச்சார், அஞ்சல் வழிப் பாடம் வச்சார். 1898ல நகர மையத்துலேயே ஆசிரியர்களுக்குன்னு ஒரு கல்லூரி திறந்தாங்க. அனிடா மெக்கார்மிக் பிளெய்ன்ங்கிற பணக்காரப் பெண்மணி அதுக்குப் பணம் கொடுத்தாங்க. இன்னைக்கு நாம 'வொர்க்கிங் ப்ரொஃபஷனல்ஸ் ப்ரோக்ராம்'னு விளம்பரத்துல பார்க்கிறோமே, அதோட கொள்ளுத்தாத்தா இதுதான்.

இதே ஹார்ப்பருக்கு இன்னொரு முகம். நகரப் பள்ளிகளை எப்படிச் சீரமைக்கிறதுன்னு ஒரு கமிஷன் போட்டாங்க, அதுக்குத் தலைவர் இவர். அறிக்கை சொன்னதோட சாரம்: அதிகாரம் சூப்பரின்டென்டென்ட் கையில குவியணும், ஆசிரியர்களோட படிப்புத் தகுதி உயரணும். 1899ல இது ஒரு மசோதாவா இல்லினாய் சட்டமன்றத்துக்குப் போச்சு. காகிதத்துல பார்த்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா சிகாகோ ஆரம்பப் பள்ளி ஆசிரியைகள் அதை எப்படிப் படிச்சாங்க தெரியுமா? காலேஜ் போக வசதியில்லாம 17, 18 வயசுல வேலைக்கு வந்த எங்களை ஓரங்கட்டி, மேலே ஒரு ஆம்பளை மேனேஜரை உட்கார வைக்கிற திட்டம்னு. 1897லதான் அவங்க சிகாகோ டீச்சர்ஸ் ஃபெடரேஷன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சிருந்தாங்க. மார்கரெட் ஹேலியும் கேத்தரின் காகினும் அதோட தூண்கள். மசோதாவைத் தோற்கடிச்சாங்க.

அதே 1899ல யங்கும் பதவியை விட்டு விலகினாங்க. புதுசா வந்த சூப்பரின்டென்டென்ட் எலிஷா பெஞ்சமின் ஆண்ட்ரூஸ் எல்லா முடிவையும் தானே எடுக்க, உதவி சூப்பரின்டென்டென்ட்கள் வெறும் தபால்காரங்க மாதிரி ஆனதுதான் காரணம். விலகி பல்கலைக்கழகத்துக்கே போயிட்டாங்க. 1900ல பிஹெச்.டி., வயசு 55.

ஆய்வேடு 1901ல புத்தகமா வந்தது. 'ஐசொலேஷன் இன் த ஸ்கூல்', பள்ளிக்குள்ளே தனிமைப்படுதல். கருத்து என் வார்த்தையில: பள்ளி அமைப்பு பெருசாக ஆக, அது அடுக்கு அடுக்கா பிரியுது. மேலடுக்கு யோசிக்குது, கீழடுக்கு செய்யுது. சூப்பரின்டென்டென்ட் பிரின்சிபாலுக்குச் சொல்றார், பிரின்சிபால் ஆசிரியருக்கு, ஆசிரியர் குழந்தைக்கு. தானே எதையும் தீர்மானிக்க முடியாத ஒரு ஆசிரியர், தானா யோசிக்கிற குழந்தையை எப்படி உருவாக்க முடியும்? இதுக்கு அவங்க சொன்ன மருந்து ரொம்ப சாதாரணமானது. ஆசிரியர் கவுன்சில். ஒவ்வொரு பள்ளியிலேயும் ஆசிரியர்கள் கூடி, பாடத்திட்டம் மாதிரியான விஷயங்களை மனசு விட்டுப் பேசணும். அவங்க பிரதிநிதிகள் மத்தியக் கவுன்சிலுக்குப் போகணும்.

சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறதால எனக்கு இது உடனே உறைச்சது. எங்க தொழில்ல ரெண்டு ஏணி உண்டு. ஆட்களை நிர்வகிக்கிற ஏணி ஒண்ணு, கோட் எழுதிக்கிட்டே மேலே போற ஏணி இன்னொண்ணு. ரெண்டாவது பல கம்பெனியில பேருக்குத்தான் இருக்குங்கிறது வேற விஷயம். பள்ளிக்கூடத்துல பேருக்குக்கூட அது அபூர்வம். மேலே போகணும்னா வகுப்பறையை விட்டு வெளியே போகணும்.

யங்கும் மேலேதான் போனாங்க. 1904ல டூயி பல்கலைக்கழகத்துல சண்டை போட்டுக் கிளம்ப, இவங்களும் கிளம்பினாங்க. 1905ல தான் படிச்ச நார்மல் ஸ்கூலுக்கே பிரின்சிபால். 1909ல சிகாகோ நகரப் பள்ளிகள் மொத்தத்துக்கும் சூப்பரின்டென்டென்ட். சுமார் 6,000 ஆசிரியர்கள், வருஷம் 10,000 டாலர் சம்பளம். அமெரிக்காவுல ஒரு பெருநகரப் பள்ளி அமைப்புக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். அடுத்த வருஷமே தேசியக் கல்விச் சங்கத்தோட முதல் பெண் தலைவர்.

நாற்காலி கிடைச்சதும் ஆய்வேட்டை மறந்துட்டாங்களான்னு கேட்டா, மறக்கல. அவங்களுக்கு முந்தின சூப்பரின்டென்டென்ட் காலத்துல ஆசிரியர்களுக்கு ரகசிய மதிப்பெண் போடற வழக்கம் இருந்தது. பிரின்சிபால் என்ன மார்க் போட்டார்னு ஆசிரியருக்கே தெரியாது, ஆனா சம்பள உயர்வு அதைப் பொறுத்தது. அதை ஒழிச்சாங்க. கவுன்சில்களை அமைச்சாங்க. ஆய்வேட்டுல எழுதினதை ஒரு நகரம் முழுக்க ஓட்டிப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சும்மா விடுவாங்களா? போர்டோட உரசல் மேல உரசல். 1913ல உயர்நிலைப் பள்ளிகள்ல பாலியல் கல்வி விரிவுரைகள் கொண்டுவந்தாங்க, அதுக்கும் எதிர்ப்பு. அந்த வருஷம் டிசம்பர்ல போர்டு அவங்களை விட்டுட்டு வேற ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தது. நகரத்துப் பெண்கள் திரண்டு கூட்டம் போட்டாங்க. இல்லினாய்ல பெண்களுக்குப் பகுதி வாக்குரிமை கிடைச்சு அப்ப ஆறு மாசம்கூட முழுசா ஆகல, அதனால மேயருக்கு அந்தச் சத்தம் நல்லாவே கேட்டது. போர்டுல ஆட்களை மாத்தி யங்கைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. 1915 கடைசியில ஓய்வு. 1918 அக்டோபர்ல, உலகப்போருக்கான கடன் பத்திரங்களுக்கு ஆதரவு திரட்டிக்கிட்டிருந்த நேரத்துல, இன்ஃப்ளூயன்ஸா பெருந்தொற்று அவங்களைக் கொண்டுபோச்சு. வயசு 73.

கவுன்சில்கள் என்ன ஆச்சு? 1924ல வில்லியம் மெக்கேண்ட்ரூன்னு ஒருத்தர் சூப்பரின்டென்டென்ட்டா வந்து அதுக்கு முடிவு கட்டினார்.

நின்னது வேற ஒண்ணு. 1921ல டென்வரும் டி மாயினும் ஒரே சம்பள அட்டவணைன்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. அதுவரைக்கும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு சம்பளம், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியைக்கு அதைவிடக் குறைச்சல். புது அட்டவணையில ரெண்டே கணக்கு: எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கீங்க, என்ன பட்டம் வச்சிருக்கீங்க. ஆணா பெண்ணா, எந்த வகுப்புங்கிற பேச்சே இல்ல. இது நியாயமான மாற்றம், ஆசிரியைகள் போராடி வாங்கினது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. 1950 வாக்குல அமெரிக்கா முழுக்க கிட்டத்தட்ட இதே அட்டவணைதான்.

ஆனா பட்டத்துக்கு விலை வச்சதும் என்ன நடக்கும்? நம்ம ஊர் ஆசிரியர்கள் 'ஊக்க ஊதியம்'னு சொல்வாங்களே, கிட்டத்தட்ட அதே கணக்குதான். எந்தப் பாடத்துல மாஸ்டர்ஸ் பண்ணினாலும் சம்பளப் படி ஒண்ணுதான்னா, சாயந்தரம் போய் முடிக்கக்கூடியதா, பின்னாடி பிரின்சிபால் உரிமத்துக்கும் உதவுறதா இருக்கிறதைத்தான் ஜனங்க எடுப்பாங்க. பள்ளி நிர்வாகப் படிப்பு ரெண்டுக்கும் பொருந்தினது. பல்கலைக்கழகங்களுக்கும் நல்ல வருமானம். 2005ல ஆர்தர் லெவின், அப்ப கொலம்பியாவோட டீச்சர்ஸ் காலேஜ் தலைவர், நாடு முழுக்க இந்தப் படிப்புகளை ஆராய்ஞ்சு ஒரு அறிக்கை விட்டார். அப்படிப்பட்ட படிப்பை நடத்துற நிறுவனத்தோட தலைவரே, பெரும்பாலானவை போதாதவைன்னு கடுமையா எழுதினார். 2013ல வட கரோலினா, புதுசா வர்ற ஆசிரியர்களுக்கு மாஸ்டர்ஸ் கூடுதல் சம்பளத்தையே எடுத்துடுச்சு.

என்னைக் கேட்டா, படிக்கிற ஆசிரியர் மேல தப்பு இல்ல. ஒரு நாள் முழுக்க முப்பது பிள்ளைகளோட நின்னுட்டு, ராத்திரி 9 மணிக்கு அசைன்மென்ட் எழுதுறவங்களை 'சம்பளத்துக்காகத்தானே'ன்னு சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. யங் படிச்சப்ப அவங்க ஒரு கையில நிஜமான பள்ளிகள், இன்னொரு கையில கேள்வி. செமினார்ல பேசினது மறுநாள் காலையில ஏதோ ஒரு பள்ளியில உரசிப் பார்க்கப்பட்டது. பள்ளியில பார்த்தது திரும்ப செமினாருக்குப் போய் டூயியையே மாத்தினது. இன்னைக்குப் பகுதிநேரமா படிக்கிற ஒவ்வொரு ஆசிரியர் கையிலேயும் அதே ரெண்டும் இருக்கு. திங்கட்கிழமை காலையில பள்ளிக்குள்ள அவங்க அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் வைக்க ஒரு மேஜை இருக்கா? யங் போட்ட அந்த மேஜை 1924லேயே போயிடுச்சு. அப்புறம் அங்கங்க சிலர் போட்டாங்க, எடுத்தாங்க.

'ஐசொலேஷன் இன் த ஸ்கூல்' காப்புரிமை முடிஞ்ச புத்தகம், இணையத்துல இலவசமா கிடைக்குது. நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேலதான். நடை பழசு, முதல் சில பக்கம் கொஞ்சம் தள்ளாடும், அதைத் தாண்டிட்டா ஒரு ஞாயித்துக்கிழமையில முடிச்சிடலாம். ஆசிரியர் வேலையில இருக்கிற நண்பர் யாராவது இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல மார்கரெட் ஹேலி. வரி கட்டாம ஏமாத்தின கம்பெனிகளை ஆறாம் வகுப்பு டீச்சர் ஒருத்தர் கோர்ட்டுக்கு இழுத்த கதை.